கீல் மாற்றியதைச் சொல்லாத பிழை

வெள்ளாறு நனைக்கும் மருதவரை நாட்டின் அமைச்சன் ஆதன்கிழான், நட்பில் பிறழாத குன்றையூர்க் கோட்டைத் தலைவர் நன்னாகனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊரில் காய்ச்சல் தணிக, கிணறுகள் தெளிக.

எங்கள் சாவிக்காவலன் அம்பலத்தரையனைத் தண்டிக்கச் சொல்லித் தாங்கள் எழுதியது கிடைத்தது. நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் மருந்தறை தங்கள் கோட்டைக்குள் இருக்கிறது. முன்னொரு காலத்தில் எவனோ கதவையே மாற்றி வைத்து மருந்தில் நஞ்சு கலந்தான். அன்று முதல் இந்த வழக்கம்: அங்குள்ள எங்கள் அளவர் முதலில் கீலை அளந்து கயிற்றில் முடிச்சிடுவார், அந்த முடிச்சிலிருந்து கதவை, பிறகு உட்சுவரை, கடைசியில் பேழையை அளப்பார். முதல் அளவு பிசகினால் பின்வரும் முடிச்சுகள் அத்தனையும் பிசகும். அந்தக் கயிறு இங்கு வந்து, எங்களிடம் உள்ள மூலக்கயிற்றோடு பொருந்தினால்தான் சாவி புறப்படும்.

காய்ச்சல் கண்ட அன்று வந்த கயிறு பொருந்தவில்லை. கொண்டுவந்த ஓட்டன் காலில் விழுந்து அழுதான்.

"ஐயா, கீலுதான் புதுசு, வேற ஒண்ணுமில்ல. என் கண்ணால பாத்தேன். சாவியக் குடுங்கய்யா!"

"நீ பொய் சொல்றேன்னு சொல்லலப்பா. அன்னைக்கு மாத்தி வச்ச கதவையும் கண்ணால பாத்துத்தான தொறந்தாங்க? எம் பொண்ணும் அங்கதான் காய்ச்சல்ல கெடக்கா. கயிறு சேரட்டும், குடுக்கிறேன்" என்றான் அரையன்.

சாவியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எல்லைக்குப் போயிருந்த என்னைத் தேடி ஆள்மேல் ஆள் அனுப்பினான். மூன்றாம் நாள் நான் வந்தேன். துருப்பிடித்த கீலை மாற்றச் சொன்னவன் நான்தான்; புதிய அளவுக்கு மூலக்கயிறு முடிந்து வைக்க மறந்தவனும் நானே. புதிய கீலின் அளவு என் குறிப்பில் இருந்தது; அதைக்கொண்டு உடனே முடிந்து கொடுத்தேன். ஓட்டனின் கயிறு முடிச்சுக்கு முடிச்சு பொருந்தியது. சாவி பறந்தது.

அதற்குள் பதினொரு பேர் போய்விட்டார்கள். அரையனின் மகள் அல்லியங்கோதையும் அவர்களில் ஒருத்தி.

வழக்கத்தைத் தளர்த்தலாமா என்று அரசர் அரையனிடம் கேட்டார். அவன், "வேண்டாங்க. தளத்துனா அவ சும்மா செத்ததா ஆயிரும்" என்றான்.

ஆகவே அரசர் ஆணை இது: புதிய மூலக்கயிறு சாவிக்காவலன் கைக்கு வந்து சேராமல், அறையில் ஓர் ஆணியும் மாற்றலாகாது. அரையன்மேல் குற்றமில்லை. தண்டனை அமைச்சனுக்கு.

மருதவரையின் முத்திரையை இவ்வோலையில் பதித்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றி அரசரிடம் வைக்கிறேன். அடுத்த ஓலை வேறொருவர் கையால் வரும், அவரை நம்புக.