ஏழாம் பெட்டியின் கூட்டுப்புழுக்கள்

ஜூன் 3
எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், அவர் விட்டுப்போன வேலையை இனி நான் செய்ய வேண்டும். அவர் இறந்து நான்கு மாதம். மக்காச்சோளத்தைத் துளைக்கும் புழுவின் அந்துப்பூச்சி பறக்க ஒரு தசைப் புரதம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் புரதத்தின் மரபணுவைக் குளோன் செய்தவர், அதாவது தனியே பிரித்து நகலெடுத்தவர், அவர். உடம்பு முடியாமலும் வந்து செய்தார். சரிபார்த்துக் கட்டுரையை முடி, முதல் பெயர் அவருடையது என்றார் பேராசிரியர். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எப்போது அச்சில் வரும் என்று அவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஜூன் 11
புதிய கூட்டுப்புழுக்களிலிருந்து மரபணுவை எடுத்தேன். துண்டின் நீளத்தைக் காட்டும் ஜெல்லில் பட்டை சரியான இடத்தில். நிம்மதி.

ஜூன் 20
நிம்மதி போயிற்று. மரபணு வரிசை வந்தது. அவருடையதோடு முப்பத்தெட்டு இடங்களில் ஒத்துப்போகவில்லை. அவருடையது பருத்தியைத் தின்னும் வேறொரு அந்துப்பூச்சியோடு அச்சாகப் பொருந்துகிறது. அதையும் எங்கள் அறையில்தான் வளர்க்கிறோம். அவரா இப்படித் தவறினார்?

ஜூன் 21
அவர் தவறவில்லை. வளர்ப்பறைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் மருத்துவமனையில் இருந்த வாரம் பெட்டிகளை மாற்றியது நான். பருத்திப் பூச்சி இருந்த ஏழாம் பெட்டிக்கு மக்காச்சோளப் பூச்சி என்று சீட்டு எழுதியது நான். என் கையெழுத்து. கூட்டுப்புழுக்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவர் சீட்டை நம்பினார் — என்னை நம்பினார். நிக்கக்கூட முடியாத மனுஷன், ரெண்டு மாசம், என் தப்பை வச்சுக்கிட்டு…

ஜூன் 22
சாப்பிடவில்லை.

ஜூன் 24
பேராசிரியரிடம் சொன்னேன். புதிய வரிசையைப் போட்டால் போதும், பழையது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அண்ணிக்குமா என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கு இருக்கறது போதாதா?" இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 29
அண்ணி வீடு. துணி மடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.
"அந்த ரெண்டு மாசம் வீட்டோட இருங்கன்னு கெஞ்சினேன். வேலை இருக்குன்னு போனார். அந்த நாளெல்லாம் எனக்கு வந்திருக்கணும்."
மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினார்.
"இனிமே இங்க வராதே."
சரி என்றேன்.

ஆகஸ்ட் 17
மரபணுவின் வேலையை அடக்கும் ஆர்.என்.ஏ.வை நாற்பது கூட்டுப்புழுக்களுக்கு ஊசியில் செலுத்தியிருந்தேன். இன்று அந்துகள் வெளிவந்தன. இறக்கைகள் குறையில்லாமல் விரிந்தன. அடித்தன. முப்பத்தொன்று எழும்பவே இல்லை. வெறும் தண்ணீர் செலுத்தியவை பறந்தன. அவர் நினைத்தது சரி. அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை.

நவம்பர் 5
கட்டுரை ஏற்கப்பட்டது. பெட்டி மாறியதையும் மாற்றியது யார் என்பதையும் எழுதியிருந்தேன். பேராசிரியர் இரண்டு முறை படித்தார். அந்த வரியை அடிக்கவில்லை. ஒரு பிரதியை அண்ணிக்குத் தபாலில் அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை.

நவம்பர் 14
ஆய்வகத்தின் வாசலில் அண்ணி. உள்ளே வரவில்லை. கட்டுரை கையில் சுருட்டியபடி இருந்தது.
"அப்பா என்ன கண்டுபிடிச்சார்னு பொண்ணு கேக்கறா. படிச்சுப் பார்த்தேன், எனக்குச் சொல்லத் தெரியல. ஞாயித்துக்கிழமை வந்து நீயே சொல்லு."
போக வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.