உலர்ந்த சேலையில் வந்த அக்காவுக்கு

கும்பிட்டுக் கூப்பிட வேண்டிய காலத்தில் கூப்பிடாமல் விட்ட என் பேச்சி அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. மில் வாசலில் கொடி ஏற்றி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பெயர் சூட்டிய என் மகள் செண்பகம் இப்போது என் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள். இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் வேறொன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது.

நாம் இருவரும் ஒரே மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நீங்கள் முதலில், நான் பின்னால். "மூத்தவ சீக்காளி, ஒரு ஓரமாக் கெடப்பா" என்று சொல்லித்தான் என்னை இராஜபாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என்ன சீக்கு என்று யாரும் சொல்லவில்லை. வந்த மறுநாள் விடியும் முன்னே, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நீங்கள் பழைய வேட்டித் துணிகளை அலசிக்கொண்டிருந்தீர்கள். காற்று என் பக்கம் திரும்பியது. நான் முந்தானையால் மூக்கை மூடினேன். நீங்கள் பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் குனிந்துகொண்டீர்கள்.

கொட்டகையை ஒட்டிய அறைதான் உங்களுக்கு. அடுப்பங்கரைக்கு வரக்கூடாது, விளக்கேற்றக் கூடாது, கோயில் பேச்சே கூடாது. அலுமினியத் தட்டில் சோறு போட்டுப் பின்வாசலில் வைப்பது என் வேலையானது. அத்தை சொன்னதைத்தான் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை வீட்டில் இல்லாத நாட்களிலும் ஏன் உங்களை உள்ளே கூப்பிடவில்லை?

சித்திரை வெயிலில்கூட நீங்கள் அரைச் செம்புக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். உதடு வெடித்துக் கிடக்கும். ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கிய?"

"குடிச்சா ஒழுகும்ட்டி. குடிக்காட்டியும் ஒழுகத்தான் செய்யுது. கொஞ்சமாச்சும் கொறையாதான்னு ஒரு நப்பாசை."

அன்றுதான் நடந்ததைச் சொன்னீர்கள். பூப்பெய்திய அடுத்த வருடமே கல்யாணம், உடனே கர்ப்பம். மூன்று நாள் வலி. மருத்துவச்சி வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தாள். பிள்ளை செத்துத்தான் வெளியே வந்தது. சில நாள் கழித்துப் பாய் நனைந்தது. அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து இரவும் பகலும் சிறுநீர் தானாகக் கசிந்துகொண்டே இருந்தது. தொடையெல்லாம் புண். சொல்லி முடித்ததும் எழுந்து, உட்கார்ந்த இடத்தில் சாம்பலைத் தூவிக் கூட்டினீர்கள். எனக்கு இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக அருவருப்பும் வந்தது. உங்களிடம் இனி எதை மறைக்க?

என் பிரசவம் வந்தது. முதல் நாள் காலையில் தொடங்கிய வலி, மறுநாள் மதியமாகியும் முடியவில்லை. மருத்துவச்சி, "தலைப்பிள்ளைன்னா அப்படித்தான், பொறுங்க" என்றாள். அப்போது முன்கூடத்தில் ஒரு குரல் கேட்டது. எத்தனையோ வருடமாகக் கால் வைக்காத கூடத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். அத்தை கத்தினார்கள்.

"ஏட்டி, புள்ள பொறக்குற இடத்துல ஈரத்தோட வந்து நிக்கியே, வெளிய போ!"

"போறேன் அத்த. அதுக்கு முன்னால என்னையச் செத்த பாருங்க. ஒழுகிக்கிட்டேதான் நிக்கேன். எனக்கும் இப்படித்தான் பொறு பொறுன்னிய. இவளும் இப்படி நிக்கணுமா?"

நீங்கள் நின்ற இடத்தில் தரை நனைந்தது. நீங்கள் அவரைப் பார்த்து, "வண்டியப் பூட்டுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றீர்கள். நம் வீட்டுக்காரர் அதுவரை வாய் திறக்காதவர். மில்லுக்குப் போவார், வருவார், உங்கள் அறைப் பக்கம் திரும்ப மாட்டார். அன்று எழுந்து ஓடினார்.

வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தலையை உங்கள் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த மடியின் ஈரம் என் கன்னத்தில் பட்டது. அப்போது எனக்கு அருவருப்பு வரவில்லை அக்கா. இது மட்டும் நிஜம்.

டாக்டரம்மா ஆயுதம் போட்டுச் செண்பகத்தை உயிரோடு எடுத்தார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பியவர்கள் வாசலில் நீங்கள் நிற்பதைப் பார்த்தார்கள்.

"உனக்கு என்னம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல, இவளப் பாருங்க."

அவர்கள் விடவில்லை. திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார்கள். கட்டிலில் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. "இது சாபமும் இல்ல, ஒட்டுற நோயும் இல்ல. பிள்ளையோட தலை ரொம்ப நேரம் அழுத்துனதுல மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கு. தைக்கலாம்."

நீங்கள், "துணி தைக்கிற மாதிரியாம்மா?" என்றீர்கள்.

"அப்படித்தான். ஒரு தடவையில கூடாட்டி இன்னொரு தடவ தைப்போம். அதுவரைக்கும் தண்ணி குடி. குடிக்காம இருந்துதான் இந்தப் புண்ணெல்லாம்."

இத்தனை வருடமும் ஒரு வண்டிப் பயண தூரத்தில் இருந்திருக்கிறது உங்களுக்கான வைத்தியம். நம் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் பிள்ளையோடு வீடு திரும்பினேன். நீங்கள் அங்கேயே தங்கினீர்கள். முதல் தையல் விட்டுப்போனது என்று அவர் வந்து சொன்னார். உடம்பு தேறும்வரை வைத்திருந்து மறுபடி தைத்தார்கள். சிறுநீர் வடிய வைத்த ரப்பர் குழாயோடு அசையாமல் கிடந்தீர்களாம். குழாயை எடுத்த பிறகு பாய் நனையவில்லையாம். நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. கைப்பிள்ளைக்காரி என்று சாக்குச் சொன்னேன்.

பிறகு ஒரு பிற்பகலில் ரயிலில் வந்து இறங்கினீர்கள். நீலச் சேலை, கொசுவம் கலையாமல், உலர்ந்து, காற்றில் படபடத்தது. கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தீர்கள். அத்தை விரட்டவில்லை. நம் வீட்டுக்காரர் உங்களைப் பார்த்தார். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நீங்கள் இவ்வளவு அழகென்று எனக்கு அதுவரை தெரியாது.

இனி இந்த வீட்டில் நான் யார்? உங்கள் உயிர் மீண்டதற்கு நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ பயந்தேன். பயம்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுமினியத் தட்டில் சோறு போட்டுப் பின்வாசலில் கொண்டுபோய் வைத்தேன். பழக்கத்தில் வைத்தேனா, வேண்டுமென்றே வைத்தேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே ஒரு பொய்யோ என்னவோ.

நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தீர்கள்.

காலையில் அவரிடம் சொன்னீர்கள்: "டாக்டரம்மா ஆயா வேல தாரேன்னாக. நான் போறேன். என்னைய மாதிரி வாரவளுக்குப் பக்கத்துல இருக்க ஆள் வேணும்." என்னிடம் வந்து செண்பகத்தின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மெல்லச் சொன்னீர்கள்: "பயப்படாதட்டி."

அந்தச் சொல்லுக்குப் பதிலாக நீங்கள் என்னை அடித்திருக்கலாம்.

உங்களை அனுப்பியது என் முகம்தான் என்று எனக்குத் தெரியும். போன இடத்தில் நீங்கள் நன்றாக வாழ்ந்தீர்கள் என்பதை வைத்து என் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அதற்கும் எனக்கு உரிமை இருக்கிறதா? உலகச் சண்டைக் காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து நீங்கள் போனபோது, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். "தண்ணி குடி, தண்ணி குடின்னு பாடாப்படுத்துவாக. அவிய இல்லாட்டி நான் தையலுக்கே சம்மதிச்சிருக்க மாட்டேன்" என்றாள். நீங்கள் எனக்கு என்ன உறவு என்று அவள் கேட்டாள். எனக்கு அக்கா என்றேன். உங்கள் காதில் இனி விழாது என்றான பிறகு சொன்னேன்.

இப்போது என் சங்கதி. நாலு பேறுக்குப் பிறகு, இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் எனக்கும் நனைகிறது. நடந்தால் கர்ப்பப்பையே கீழே இறங்கி வருவது போல இருக்கிறது. உங்களைப் பார்த்திருந்தும், டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டிருந்தும், நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. விடியும் முன்னே துணி அலசினேன். உங்களுக்குச் செய்ததற்குக் கூலி இது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அத்தை செண்பகத்துக்கு மாப்பிள்ளை பேச்செடுத்தார்கள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அவர் முன்னாலேயே உடைத்துச் சொன்னேன். "அவ இடுப்பு இன்னும் வளரல அத்த. பேச்சி அக்காவ அப்படித்தான் கெடுத்தோம். எனக்கும் இப்ப ஒழுகுது, அடி இறங்கிப்போச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போறேன்."

அவர் தலை குனிந்து வெளியே போய்விட்டார். அத்தை கத்துவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்கள்.

"எனக்கும் இருக்குட்டி. உன் புருசன் பொறந்ததுல இருந்து இறங்கித்தான் கெடக்கு. துணியச் சுருட்டி வச்சுக்கிட்டே காலத்த ஓட்டிட்டேன்."

அக்கா, உங்களை ஈரம் என்று விரட்டியவர்களும் நனைந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். உங்களுடையது எல்லாருக்கும் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். இறங்கியதைத் தாங்க ரப்பர் வளையம் வைப்பார்களோ, கத்தி வைப்பார்களோ, தெரியாது. அத்தை ரொம்பப் பயப்படுகிறார்கள். திரைக்குப் பின்னால் நானும் கூடவே போய், அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். செண்பகம் உடம்பு நிரம்பி வளரும்வரை அவள் கல்யாணப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் இடத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும் தங்கை,
கோமதி