உன் சிமெண்டும் என் கத்தரியும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். தோட்டம் நலமில்லை, அதற்குக் காரணம் நீதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் தலைக்கு மேல் யாரும் கேமரா மாட்டி வைக்கவில்லையே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது பேசிவிடுகிறாய், அதனால் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கத்து.

இங்கே மூன்று நாள் விடாமல் மழை. போன தடவை வந்தபோது, வாசல் சேறாகிறது, அம்மா வழுக்கி விழுவாள் என்று முன்பக்கம் முழுக்கச் சிமெண்ட் போட வைத்தாயே, அந்தத் தரை பின்பக்கமாகச் சரிகிறது. அன்றைக்கே சொன்னேன். எதைப் பார்த்தாலும் உங்களுக்குக் குறைதான் என்று என் வாயை அடைத்தாய். இப்போது முன்னால் விழுகிற மழையெல்லாம் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. கத்தரிச் செடிகள் பாதி முங்கிவிட்டன, தக்காளிக்கு நட்ட குச்சிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் சிமெண்ட் கிடையாது, அவர் வெண்டை ஜம்மென்று நிற்கிறது. சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சார், மீன் வளர்க்கப் போறீங்களா" என்று வேறு கேட்கிறார்.

சரி, வடிய ஒரு வழி வெட்டலாம் என்று கால்சட்டையை மடித்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினால், பின்கதவுக்கு மேலே நீ மாட்டிய கேமரா பேசுகிறது. "அப்பா, தண்ணியில இறங்காதீங்க. மேல ஏறுங்க. ஏறுங்கன்னு சொல்றேன்ல." தெருவுக்கே கேட்டது. தையல்காரர் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. சொந்த மண்ணில் கால் வைக்க உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா? ஈர மண்ணை மிதித்தால் இறுகிப்போய் வேர் மூச்சு விடாது என்று நீ கத்தியது மட்டும் சரி, நான் மிதித்த வரிசையில் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிவிட்டன. அதற்காகத் துள்ளாதே. உன் அம்மாவோ போனில் உன்னிடம், "நீ சொல்றதுதான்டி சரி, இந்த மனுஷன் கேட்டாத்தானே" என்பாள், போனை வைத்ததும் பாத்திரம் கழுவுகிற பேசினைத் தூக்கிக்கொண்டு போய் கேமராவுக்குத் தெரியாத மூலையாகப் பார்த்துத் தண்ணீரை மொண்டு கொட்டுவாள்.

மறுநாள் காலையில் கொத்தனார் சிமெண்ட் மூட்டைகளோடு வந்து நிற்கிறார். "உங்க பொண்ணு பேசினாங்க சார், பின்னாடியும் தளம் போட்டுடச் சொன்னாங்க, இனிமே தண்ணி நிக்காதாம்" என்றார். நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பையில் வெள்ளரிப் பிஞ்சு போட்டு அனுப்பிய மண் அது, அதை மூடிவிடச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஆனால் வந்த ஆளை நான் திருப்பி அனுப்பவில்லை. தோட்டத்து மூலையிலிருந்து வீட்டை ஒட்டி, உன் சிமெண்டைப் பிளந்துகொண்டு, தெருச் சாக்கடை வரைக்கும் ஆழமாக ஒரு வாய்க்கால் எடுக்கச் சொன்னேன். பொண்ணு கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கினார். நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன், எழுதிவிட்டேன். அவர் கடப்பாரை போட்ட ஒவ்வொரு போடும் எனக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. தக்காளி அழுகிவிட்டது, கீரை போனது போனதுதான். கத்தரி பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது, மஞ்சளான இலைகளைக் கிள்ளிவிட்டேன், மண் காய்கிற வரைக்கும் உரம் வைக்கமாட்டேன், மிதிக்கவும் மாட்டேன், போதுமா? நீயும் அங்கே குளிரில் நனையாமல் இரு, வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. கோபம் என்பதற்காக ஆசீர்வாதத்தைப் பாக்கி வைக்கிறவன் நான் இல்லை, எல்லோரும் நன்றாக இருங்கள்.

கேமராவை உடைத்துவிட்டேன் என்று நினைக்காதே. கொத்தனாரை வைத்தே பின்பக்கம் கழற்றி முன்பக்கம் மாட்டியாகிவிட்டது. மிச்சமிருக்கும் உன் சிமெண்ட் தரை முழுசாகத் தெரிகிறதாம். தினமும் பார். அதில் ஏதாவது முளைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா