என் வயிற்றை நம்பி எழுதிய வயல்

அண்ணா,

ஊறவைத்துக் கட்டியிருந்த விதைநெல் சாக்கை இன்று காலையில் பிரித்தேன். அந்தப் புளித்த வாடை வீடு முழுக்க நிறைந்துவிட்டது. உங்களுக்கு அது பிடிக்கும். சாக்குக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, அந்தக் கையோடேயே சோற்றுக்கு உட்காருவீர்கள். அம்மா ஏசுவா.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இருக்கும்போது சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

கடலோடு கலக்கும் வாவிக்கு அக்கரையில் நம் வயல். அப்பாவும் நீங்களும் தோணியில் போய் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பாடம் தொடங்கும். களத்தில் நெற்கதிர்ச் சூடு மிதிக்க எத்தனை சோடி எருமை பிடிப்பது, வயலாட்களுக்குத் தலைவனான முல்லைக்காரனுக்குக் களத்தில் எப்படிப் பங்கு அளப்பது, ஏறாவூர் வியாபாரி வந்தவுடனே ஏன் விற்கக் கூடாது என்று அப்பா உங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியில் எப்போதும் இதில் வந்து நிற்பார்: "தெற்கால வாவிப் பக்கத்து வரம்ப மாரிக்கு முதல் உசத்திப் போடு மனே. உப்புத் தண்ணி ஏறினா நிலம் செத்துப் போகும்." பக்கத்தில் கறி ஊற்றிக்கொண்டு நின்ற என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் செவிடி இல்லையே.

பிறகு எனக்குக் கலியாணம் முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வயல் பெண்ணுக்குச் சீதனம். ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போக வேண்டியவன். இது அப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் உங்களை அந்த வயலுக்கு ஆளாக்கினார். நீங்கள் வாகரையில் பெண்ணெடுத்துப் புறப்பட்ட அன்று சொன்னார்: "ஏன் மனே முகத்த நீட்டிக்கிட்டு நிக்கிறாய்? இவள்ட பெட்டைய உன்ட பெடியனுக்கு முடிச்சா, வயல் உன்ட ஆக்களுக்குத்தானே வரும்." எனக்குத் தாலி ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிறக்காத பெண்ணைக் காட்டி, என் வயிற்றை நம்பி, பிறந்த மகனின் வாயை அடைத்தார்.

எனக்குப் பிறந்த இரண்டும் ஆண். இரண்டு முறையும் தேன் போத்தலோடு வந்தீர்கள். துணியை விலக்கிப் பார்த்து, "ஆம்பிளப் பிள்ளையா, நல்லம்" என்றீர்கள். உடனே போக எழும்பினீர்கள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது அண்ணா. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தீர்களா, வயலைப் பார்க்க வந்தீர்களா?

வயலை என் புருஷன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தகப்பன் அவரை ஒரு மேட்டுக்காணிக்குப் பழக்கி, அதைத் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார். வாவியோரத்து வயலைப் பற்றி அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் வாய் திறந்தால், "குசினிக்குள்ள இருந்து வேளாண்மை செய்யப் போறியா?" என்பார். களத்திலேயே நெல்லை விற்றார். தெற்கு வரம்பைத் தொடவே இல்லை. ஒரு மாரியில் வாவி உள்ளே வந்து தெற்கு மூலை உப்பேறிப் போனது.

அவரும் போன மாரியில் போய்ச் சேர்ந்தார். என் மகன்மார் இருவரும் பெண்சாதி வீடுகளில் இருக்கிறார்கள். "வித்துப் போட்டு என்னோட வந்திருங்க அம்மா" என்றான் மூத்தவன். நான் உங்கள் மகனுக்கு ஆள் அனுப்பினேன்.

முந்தாநாள் வந்தான். உங்கள் நடை அப்படியே. அவனை வயலுக்குக் கூட்டிப் போனேன். முன்பின் அந்த மண்ணை மிதித்தறியாதவன், யாரிடமும் கேட்காமல் நேரே தெற்கு மூலைக்குப் போனான். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான். "இந்த மூலையத்தான் அப்பா சொன்னவர்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ எடுத்துச் செய் மகன். எனக்குப் பெட்டை பிறக்காட்டி என்ன, வயல் என்ட பேர்லதானே இருக்கு" என்றேன்.

அவன் குனிந்தபடியே கையைக் கழுவினான். "மாமி, அப்பா சாகுமட்டும் எனக்கு இந்த வயலத்தான் சொல்லித் தந்தவர். நாங்க சோறு திண்டது அம்மாட வாகரைக் காணியில. அதப்பற்றி ஒரு சொல்லும் சொல்லித் தரல்ல. ரெண்டு போகம் அழிஞ்ச மறுகாத்தான் அத நான் படிச்சன். அத விட்டுப்போட்டு எப்பிடி வாறது?"

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நான் மறிக்கவில்லை.

அப்பாவை நொந்துகொள்ளத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அவர் உங்களுக்குச் செய்ததையே நீங்களும் உங்கள் மகனுக்குச் செய்திருக்கிறீர்கள். உங்களையும் நொந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை.

முளை நன்றாக வந்திருக்கிறது. நாளைக்கு நானே அக்கரைக்குப் போகிறேன். பொம்பிளை வரம்பில் வந்து நிற்கிறாள் என்று முல்லைக்காரன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். மாரிக்கு முன் தெற்கு வரம்பை உயர்த்த வேண்டும். அப்பா உங்களுக்குச் சொன்னது ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது, அண்ணா. இத்தனை வருடமும் இருந்தது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.