ஆறா, நாலா என்று மட்டும் எழுதுங்கள்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

மாமாவும் குட்டியும் நானும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், யாரும் படுக்கையில் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, எஞ்சின் அறைக்குள் இறங்கும்போது காதடைப்பான் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதற்குள் லைன் போய்விடுகிறது. உங்கள் கப்பலில் ஏறப்போகும் எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார், அவர் பையில் இது வரும். காகிதத்துக்கு நடுவில் புகுந்து உங்களால் பேச்சை மாற்ற முடியாது. இப்போது கடையில் மதிய இடைவேளை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு இந்த நாற்காலிதான் காரணம்.

முதலில் கார் விஷயம். நீங்கள் சொன்ன இரண்டு வண்டிகளையும் நம் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள்தான். அதே மாடல், அதே சாம்பல் நிறம், வெளியே பார்த்தால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். பழைய கார் விற்கும் கடையில் நிற்பது இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. பல் டாக்டர் ஒருவர் வீட்டில் நிற்பது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. இதைத்தானே நீங்கள் ஆறு மாதமாக ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாலு சிலிண்டரில் முதலில் வந்த எஞ்சினுக்கு உள்ளே இருக்கும் செயின் தளர்ந்துபோகும், பிறகு வந்ததில் அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தீர்கள் இல்லையா, கடையில் இருப்பது பிறகு வந்ததுதான். மெக்கானிக் நம்பரைப் பார்த்து உறுதிப்படுத்திவிட்டார். ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி. சொன்ன பேச்சைக் கேட்கிறது, காலை வைத்தால் உடனே கிளம்புகிறது, சத்தம் போடுவதில்லை. நம் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு சிலிண்டரைப் பார்க்கப் போனபோது மாமா, நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார், உங்கள் அப்பா அல்லவா. அந்த வண்டியில் பல் டாக்டர் பந்தயக் கார் சீட்டு மாற்றிப் போட்டிருக்கிறார், அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. மாமா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்த கால் மடங்க மறுத்துவிட்டது. ஒரு பக்கம் மெக்கானிக், ஒரு பக்கம் பல் டாக்டர், இரண்டு பேருமாகப் பிடித்து இழுக்கிறார்கள். மாமா, "விடுங்கப்பா, இங்கேயே ஒரு டீ குடுத்தா குடிச்சிட்டு உக்காந்திருப்பேன்" என்றார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன்.

அப்புறம் மாமாவைப் பல் டாக்டர் வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டு, வண்டியை ஊரைச் சுற்றிப் போகும் பெரிய ரோட்டில் ஓட்டினேன். குட்டி பின்னால் இருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, சாதாரணமாகத்தான் போனது. மெக்கானிக், "பயப்படாம மிதிங்கம்மா, அது மேல போகப்போகத்தான் வாய தொறக்கும்" என்றார். மிதித்தேன். வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், எனக்கு அது எஞ்சின் சத்தமாகவே படவில்லை. குட்டி கைதட்டினாள். மெக்கானிக் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு ஏதோ கத்தினேனாம், குட்டி சொல்லித்தான் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் எஞ்சின், எஞ்சின் என்று ஏன் உயிரை விடுகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

நாள் முழுக்க நான் இந்த நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து, இந்தக் கண்ணாடியில் தெளிவா, அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று கேட்கிறேன். சில பேர் எதைப் போட்டாலும் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். எது நல்லது என்று தெரியாமல் இல்லை. கேள்வியே வேறு என்று தெரிந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை.

மெக்கானிக் திரும்பி வரும்போது, "வண்டிய யாரு ஓட்டப்போறது?" என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். "நாங்கன்னா யாரு?" என்றார். மனிதர் சும்மாதான் கேட்டார். நான் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவரே விளக்கினார். பள்ளிக்கூடம், கடை, மாமாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் என்று பக்கத்திலேயே சுற்றினால் ஆறு சூடாகவே ஆகாது. எண்ணெய் கெட்டுப்போய் உள்ளே தார் மாதிரி படிந்துவிடும். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது தூரமாக எடுத்துக்கொண்டு போய் நன்றாக ஓடவிட வேண்டும். நாலுக்கு அவ்வளவு வம்பு இல்லை. "சார் இங்க இருக்காருன்னா ஆற எடுங்க. நீங்க மட்டும்தான்னா நால எடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பயணத்தோடு கப்பல் வேலைக்கு முழுக்கு, துறைமுகப் பட்டறையில் சேரப்போகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது எனக்குத்தானே தெரியும். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததே நல்லதாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

போன தடவை பேசியபோது, போனை வைக்கும் நேரத்தில், வண்டிக்கு நல்ல உறை ஒன்று வாங்கு, அப்படியே பேட்டரிக்கு ஒரு சின்ன சார்ஜரும் வாங்கி வை என்றீர்கள். நான் அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, சரி சரி என்றேன். மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போய் வாங்கியும் விட்டேன். நீங்கள் சொன்னால் எதற்கு என்று கேட்காமல் வாங்கும் பழக்கம். மெக்கானிக் நேற்று நம் பழைய வண்டிக்கு எண்ணெய் மாற்ற வந்தார். சார்ஜர் பெட்டியை எடுத்துப் பார்த்தவர், இது எதற்கு உங்களுக்கு என்றார். நான், கார் என்றால் வேண்டும்தானே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஓடுற வண்டிக்கு இது எதுக்கும்மா? மாசக்கணக்குல சும்மா நிக்கிற வண்டிக்குத்தான், பேட்டரி சாகாம இருக்க" என்றார்.

சாகாமல் இருக்க. நான் அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் வாடைக்குத் தலை சுற்றுகிறது என்று அவரிடம் சொன்னேன். எஞ்சின்காரர் நீங்கள். ஒரு வண்டிக்கு என்னென்ன தேவையோ அதில் ஒன்றைக்கூட விட்டுவிட உங்களுக்கு மனசு வராது. என்னிடம் சொல்லாமல் விடத்தான் மனசு வந்தது.

இருந்தாலும் நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கப்பல்காரர்கள் எல்லாவற்றுக்கும் முன்ஜாக்கிரதை பார்ப்பவர்கள், அதனால் சொல்லியிருப்பார் என்று. இன்று காலையில் அந்தத் துறைமுகப் பட்டறை மேனேஜர் கண்ணாடி மாற்ற வந்தார். இதே நாற்காலிதான். பலகையில் கடைசி வரியைப் படியுங்கள் என்றேன். படிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்கம்மா, அவருக்காக அந்த இடத்த இன்னும் காலியாத்தான் வெச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால முடியும். வர்றாரா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, மூணு தடவ கேட்டுட்டேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லவேளை, விளக்கை அணைத்திருந்தேன்.

கோபம் வந்தது. அது காலையில். இப்போது கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. மாமாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான். வீடு மாறியது நான். குட்டிக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று தலையை உடைத்துக்கொண்டது நான். ஒவ்வொன்றையும் தனியாக முடிவு செய்துவிட்டு, போனில் உங்களுக்குச் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பேன். நீங்களும் நல்லதுதான் செய்தாய் என்பீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. நல்லது செய்து செய்து அலுத்துவிட்டது. தப்பாகவே முடிவெடுத்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கூடச் சேர்ந்து எடுக்கட்டும் என்று இருக்கிறது.

கரையில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று உங்களுக்கு உள்ளுக்குள் பயம் என்பது தெரியும். லீவில் வந்தால் பத்தாம் நாளே நீங்கள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு நான் ஒன்றும் சிரிக்கமாட்டேன். அந்த ஆறு சிலிண்டரை ஓட்டிய பிறகு நிச்சயமாகச் சிரிக்கமாட்டேன்.

நீளமாக எழுதிவிட்டேன், நீங்கள் நீளமாக எழுத வேண்டாம். ஆறா, நாலா என்று மட்டும் எழுதுங்கள். காரணம் வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். ஆறு என்றால் அந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. மேனேஜரிடமும் நானே போய்ச் சொல்லிவிடுவேன். நாலு என்றால் நாலையே எடுத்து ஓட்டிக்கொள்கிறேன், சண்டை போடமாட்டேன், மாமாவுக்கும் ஏறி இறங்கச் சுலபம். ஒன்றே ஒன்றுதான். ஆறை வாங்கி உறை போட்டு மூடி வை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலையில் எழுந்து குட்டியைக் கிளப்பும்போதெல்லாம் அது வாசலில் மூடிக்கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

குட்டி பின்சீட்டில் இடது பக்கம் தனக்கு என்று எழுதச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் முகம் தெரியுமாம். மாமா எதையும் எழுதச் சொல்லவில்லை. கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் தன் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வைத்திருந்தது போதும் என்று திருப்பியும் கொடுக்கட்டும்.

உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
குட்டியின் அம்மா

பி.கு.: ஒட்டிய கடித உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். பல் டாக்டர் இப்போதுதான் போன் செய்தார். வேறு யாரோ ஆறைக் கேட்கிறார்களாம், கொடுத்துவிடட்டுமா என்றார். என்னை அறியாமல், வேண்டாம், வீட்டுக்காரர் வந்துவிடுவார், அவர்தான் ஓட்டப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.