மதம் என்ற கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமே. உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே தொழிற்சாலைப் படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இருந்தது. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவர் மகனாயிற்றே, நானும் 'இல்லை' என்று எழுதினேன். "அப்போ உனக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாதுப்பா" என்றார் மேலாளர். இப்போது எல்லா மதத்தார் பண்டிகையிலும் பாய்லரைப் பார்த்துக்கொள்வது நான்தான். அதனால் எல்லாரும் என்மேல் உயிராக இருக்கிறார்கள். "உனக்கும் சேத்து வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பழைய ரேடியோவை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பண்டிகை நாட்களில் இங்கே பேச்சுச் சத்தமே இருக்காது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று: அரிசி டப்பாவுக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருக்கும் சாமி படத்தை இருபது வருடமாகப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறீர்கள். இனி வெளியிலேயே வைக்கச் சொல்லுங்கள் அப்பா.

உங்கள் மகன்