முரளியின் ஓய்வுகாலத் திட்டம்

வியாழன், இரவு

முதுகுப் பிடிப்பால் மூன்று வாரமாக முரளி சீட்டு மேசைக்குப் போகவில்லை. போகாவிட்டால் வருமானம் இல்லை. போக்கர் விளையாடுவதுதான் என் கணவரின் முழுநேர வேலை. கேட்பவர்களிடம் "சொந்தத் தொழில்" என்பார்.

நோயில் படுத்தால் சம்பளம் போலக் காசு தரும் இன்சூரன்ஸ் ஒன்று இருக்கிறதாம். படுத்த பிறகு அதை எடுக்கலாமா என்று இன்று போனில் விசாரித்தார். போனில் பேசிய கம்பெனிப் பெண் வரிக்கணக்கைக் கேட்டாள். அதில் இந்த மனிதருக்கு வருமானமே கிடையாது. விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி வரி கட்டாமல் இருப்பதுதான் இவருடைய கெட்டித்தனம். பொழுதுபோக்குக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று அவள் மரியாதையாகச் சொல்லிவிட்டாள். நான் குசினிக்குள் சமைத்தபடி நின்று சிரித்தேன்.

ஆஸ்பத்திரி வேலையில் எனக்குச் சேரும் சூப்பரை, அதாவது ஓய்வுகாலச் சேமிப்பை, "கிழவியான பிறகு எண்ணிப் பாக்கிற காசு" என்று நக்கலடித்த வாய் இது. சாப்பிடும்போது அதே வாய் கேட்டது:

"இஞ்சாரும், உம்மட சூப்பருக்கு ஆற்ற பேர் குடுத்தனீர்?"

"ஏன்?"

"உமக்கு ஏதும் நடந்தால் எண்டு கேக்கிறன்."

"உங்கட பேர்தான்."

"அப்ப பரவாயில்லை" என்றபடி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். வாழ்க்கையில் முதன்முதலாக ஓய்வுகாலத்துக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறார். அது பலிக்க நான் முந்திச் சாக வேண்டும். எனக்கு இரத்த அழுத்தம்கூட இல்லை. இதிலும் தோற்கத்தான் போகிறார்.